பூசாத மாடிச் சுவரும் போன பதினெட்டு வருஷமும்

வாசகி கடிதம் (சுருக்கி):

"எனக்கு 47 வயசு. திருவட்டார் பக்கம். வீட்டுக்காரர் 18 வருஷம் வளைகுடாவுல இருந்துட்டு, முழங்கால் தேய்மானத்தோட மூணு வருஷம் முன்னால ஊருக்கு வந்துட்டார். 60 சென்ட் ரப்பர் இருக்கு. கீழ் வீடு முடிஞ்சாச்சு, மாடி செங்கல்லா அப்படியே நிக்குது. பக்கத்துல கொழுந்தன் வீடு கிரானைட்டும் கண்ணாடியுமா. மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மகன் என்ஜினீயரிங் படிச்சிட்டு மார்த்தாண்டத்துல மொபைல் கடையில நிக்கான். பட்டினி இல்லை, பெருசா கடனும் இல்லை. ஆனா மனசு ஒரு நாளும் நிறையல்ல. ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்துல இருந்தா நல்லா இருக்கும். வீட்டு வாசலுக்கு வந்ததும் எல்லாம் திரும்பி வந்துரும். தியானமும் செய்து பார்த்தேன், கண்ணை மூடினா கணக்குதான் ஓடுது. எல்லாம் முழுசா அமையாட்டாலும் நிம்மதியா இருக்க முடியுமா? இல்ல, எனக்கு ஆசைதான் அதிகமா? ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. மெடிக்கல்ல கேட்டு ஒரு தூக்க மாத்திரை போட்டா சரியாகுமா?"

மனநல ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முடியும். நீங்கள் எழுதியதில் பேராசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மாடி, கொழுந்தன் வீடு, கணவர், மகள், மகன் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் "மனசு நிறையல்ல" என்று மொத்தமாகக் கூட்டிவிட்டீர்கள். இவற்றை ஒன்றாகக் கூட்ட முடியாது. மாடிச் சுவர் ஒரு குறை. பணமும் ஆளும் கிடைத்தால் தீரும். கணவர் உடன் இல்லாமல் போன 18 வருஷம் ஒரு இழப்பு. எவ்வளவு பணம் வந்தாலும் அது திரும்பாது. குறையைச் சரிசெய்யலாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். இழப்பை அழுதுதான் கடக்க வேண்டும். பலருக்கு நிம்மதி கெடுவது இந்த இரண்டும் இடம் மாறிவிடும்போதுதான். சுவரைப் பார்த்துக் கண்ணீர் வரும். போன வருஷங்களுக்கு ஈடாகச் சுவரை எழுப்பிவிடத் தோன்றும். மாடி முடிந்துவிட்டால் அவர் அங்கே கிடந்து கஷ்டப்பட்டதற்கு ஒரு பலன் தெரியும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்திலும் இருப்பதாகப் படுகிறது. அப்படி இருந்தால், மாடியைப் பூசி முடித்த மறு மாதம் மனம் வேறொரு குறையைத் தேடிப் பிடிக்கும். அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

மாடி எளிது. "ஒருநாள் பூசணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது முடிவே ஆகாது. அப்படிப்பட்ட வேலைதான் நாள் முழுக்க மனதில் வந்து இடறும். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத வேலை பற்றிய எண்ணம் குறுக்கே வருவதை நிறுத்த, அந்த வேலையை முடித்தே ஆக வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டம் போட்டாலே அது பெரிதும் அடங்குகிறது என்று அதில் கண்டார்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கணவரால் படி ஏற முடியாவிட்டால் போனில் படம் எடுத்து வந்து காட்டுங்கள். தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும் மேற்குச் சுவரில் ஈரம் கோத்திருக்கிறதா, அது கீழ் அறைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் துரு செதிலாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் இறங்கினால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சு போடுங்கள். பருவமழை தொடங்குவதற்குள் போட்டு, ஏழு நாளாவது நனைத்துவிடுங்கள். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சிமெண்ட் பால் பூசிவிட்டால் இப்போதைக்குப் போதும். இவை வீட்டின் பாதுகாப்பு, தள்ளிப்போடக் கூடாது. மற்றதெல்லாம் அழகு, அது காத்திருக்கும்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: "மீதிப் பூச்சு வேலை இரண்டு வருஷத்துக்கு இல்லை. அடுத்து இதைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு வரும் தை மாதம்." தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டு, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். வாயால் சொன்ன முடிவு இரவு பத்து மணிக்கு மறுபடி விவாதமாகிவிடும், அதனால்தான் கையெழுத்து. இதில் வழுக்கும் இடமும் உண்டு. யாராவது "மாடி எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டதும், காசு இல்லை, ஆள் கிடைக்கவில்லை என்று காரணம் அடுக்கத் தொடங்கினால் முடிவு உடைந்துவிடும். "இப்ப இல்லைன்னு முடிவு செய்தாச்சு" என்ற ஒரே பதில் போதும். நாலைந்து பேரிடம் சொல்லிய பிறகு உங்களுக்கே அது பழகிவிடும்.

கொழுந்தன் வீடு தினமும் கண்ணில் படுகிறது; அதை மாற்ற முடியாது. மனிதர்கள் தங்களை அளந்துகொள்வது தங்களைப் போன்றவர்களோடுதான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே விளக்கியிருக்கிறார். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து யாருக்கும் பொறாமை வருவதில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர், ஒரே சொத்தில் பங்கு வாங்கியவர் வீட்டைப் பார்த்தால் வரும். இது உங்கள் குணக்கேடு இல்லை. "நம்மைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாரு" என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது அரை மணி நேரம் ஆறுதல் தரும். பிறகு, இவ்வளவு இருந்தும் புலம்புகிறோமே என்ற குற்றவுணர்ச்சி சேர்ந்துகொள்ளும். வாசலில் நின்று பார்க்கும் பார்வையை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் அவர்கள் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மியூட் செய்ய முடியும். யாருக்கும் தெரியாது, உறவும் கெடாது. வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கும் வழக்கம் இருந்தால் அதை அடுக்களைப் பக்கத்து முற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சின்ன மாற்றம்தான், ஆனாலும் ஒரு நாளில் அந்த வீட்டை எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்பது இதில் குறையும்.

இனி அந்த 18 வருஷம். கடிதத்தில் ஒரே ஒரு வரியில் அதைக் கடந்துவிட்டீர்கள்.  மகளின் முதல் நாள் பள்ளிக்கூடம், மகனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த இரவு, உங்கள் மாமியாரின் கடைசி நாட்கள் என்று எத்தனையோ இருந்திருக்கும். அப்போதெல்லாம் "அவர் நமக்காகத்தானே போயிருக்கார்" என்று சொல்லி உங்கள் வருத்தத்தை நீங்களே அடக்கியிருப்பீர்கள். குமரி மாவட்டத்தில் இப்படி வாழ்ந்த பெண்கள் ஏராளம். அவர்கள் யாரும் அதைத் துக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. யாரும் சாகவில்லையே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டிய காலம் போய்விட்டதே, அதுவும் இழப்புதான். துக்கப்படாத இழப்பு சும்மா கிடக்காது. எரிச்சலாகவும், காரணமில்லாத அலுப்பாகவும், எதைப் பார்த்தாலும் "இதுவும் சரியில்லை" என்ற பார்வையாகவும் வெளியே வரும். வீட்டில் எந்நேரமும் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சில நேரம் கோபம் வருகிறதென்றால், அதன் வேரும் இங்கே இருக்கலாம்.

இதற்கு ஒரு எழுத்துப் பயிற்சி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் ஆய்வு செய்தது. அடுத்தடுத்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுதாதீர்கள். அப்போது மனதில் என்ன இருந்தது, யாரிடம் சொல்லவில்லை, இன்று அதை நினைத்தால் உடம்பில் எங்கே கனக்கிறது, எல்லாம் வரட்டும். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், கை நிறுத்தாமல் எழுதுங்கள். முடிந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். யாரோ படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் உண்மை எழுத வராது. முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் மனம் இன்னும் பாரமாக இருக்கும். அது இயல்பு, பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இரவு படுக்கப்போகும் முன் எழுதக் கூடாது என்பது அதனால்தான். காலை வேலை முடிந்த பிறகு எழுதுங்கள். பாரம் இறங்காமல் நாள் முழுக்க நிலைகுலைந்தால் அதோடு நிறுத்திவிட்டு ஆலோசகர் ஒருவரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

எழுதி முடித்த அடுத்த வாரம் கணவரிடம் பேச்சை எடுங்கள். அவரிடமும் சொல்லாத 18 வருஷம் இருக்கும். ஒரே அறையில் பல பேரோடு தூங்கியது, விசேஷ நாட்களில் ஊரை நினைத்தது. "நீங்க இல்லாம நான் பட்ட பாடு" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "அங்க முதல் மாசம் எப்படி இருந்தது? இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை" என்று கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் நம் ஊர் ஆண்கள் பலருக்கு வாய் திறக்காது, பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டால் வரும். மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குப் பக்கம்தானே. மேலே பாலத்தில் நடப்பது சமதளம், முழங்காலுக்கு நல்லது. ஆற்றுக்கு இறங்கும் படிகள் பக்கம் மட்டும் போக வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு இருபது நிமிடம் நடங்கள், வாரம் இரண்டு நாள். முதல் நாளே எல்லாம் பேசிவிட வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் அவர் ரப்பர் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார். அதுவும் இருக்கட்டும்.

மகள் விஷயம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் கரு நிற்காவிட்டால் கணவன் மனைவி இருவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். மருமகனின் விந்து பரிசோதனை எளிது, செலவும் குறைவு, அதை முதலிலேயே செய்துவிட வேண்டும். பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. இதை மகளிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், மாதா மாதம் நீங்கள் கேட்பது அவளுக்கு இன்னொரு பரிசோதனை போலத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு, "அது அவங்க பாத்துக்கிடுவாங்க. உங்க பேரன் எத்தனாவது படிக்கான்?" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போது அம்மா இப்படிச் சொன்னால், அவளுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள்.

மகன் வேலையில் இருக்கிறான். படிப்புக்கேற்ற வேலை இல்லை என்பது உங்கள் வருத்தமா, அவனுடைய வருத்தமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவனுக்கும் வருத்தம் என்றால், இந்த வருஷம் என்ன முயற்சி, எந்தப் பரீட்சை, எந்த மாதம் என்று அவனே ஒரு தாளில் எழுதட்டும். வருத்தம் இல்லை என்றால், சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிடுங்கள்.

கோயிலுக்கு வருவோம். பிரகாரத்தில் மனம் அடங்குவதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்களும் இருக்கின்றன. அங்கே உங்களைக் கூப்பிட யாரும் இல்லை, போன் பைக்குள் இருக்கிறது, கல் தரை காலுக்குக் குளிர்ச்சி, நடை தானாகவே மெதுவாகிறது. முக்கியமாக, முடிக்க வேண்டிய வேலை எதுவும் கண்ணில் படுவதில்லை. வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையை ஞாபகப்படுத்துகிறது. எண்ணங்கள் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தாமஸ் போர்க்கோவெக் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 1983-ல் இதைச் சோதித்தார்கள். கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு வாரம் கடைப்பிடித்தவர்களுக்குக் கவலை குறைந்தது.

உங்களுக்கு மாலை 5 மணி சரியாக இருக்கும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு, பாலை ஷீட்டாக்கும் வேலை எல்லாம் முடிந்திருக்கும்; இரவுக்கும் இடைவெளி இருக்கும். படுக்கையிலோ, நீங்கள் ஓய்வாக உட்காரும் நாற்காலியிலோ வேண்டாம். வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு ஸ்டூலைப் பின்புறம் போடுங்கள். காலையில் கவலை வந்தால், தள்ளாதீர்கள், இரண்டு வார்த்தையில் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, "அஞ்சு மணிக்கு" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். 5 மணிக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் பாருங்கள். செய்யக்கூடியது என்றால் எந்த நாள் என்று பக்கத்தில் எழுதுங்கள். செய்ய முடியாதது என்றால் கோடு போட்டு அடுத்ததற்குப் போங்கள். சில நாள் ஐந்து நிமிடத்திலேயே கவலைப்பட விஷயம் தீர்ந்துவிடும். மீதி நேரமும் அங்கேயே சும்மா உட்காருங்கள், அரை மணி ஆனதும் எழுந்துவிடுங்கள். முதல் வாரம் பலருக்கும் சொதப்பும்; எண்ணம் வருகிறதே, நமக்கு இது சரிப்படாது என்று விட்டுவிடுவார்கள். எண்ணம் வராமல் இருக்க இது வழியே இல்லை. வந்ததைத் தள்ளிவைக்கப் பழகுவதுதான் பயிற்சி. ஆனி, ஆடி மழையில் பால்வெட்டு நிற்கும் நாட்களில் கை சும்மா இருக்கும், மனம் கூடுதலாகச் சுற்றும். அந்த மாதங்களில் இதை ஒரு நாளும் விடாதீர்கள்.

தியானத்தில் கணக்கு ஓடுவது ஏன் என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அந்த நினைப்பைத் தவிர்க்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது அது இன்னும் அதிகமாக வந்தது. "கணக்கு வரக்கூடாது" என்று உட்கார்ந்தால் கணக்குதான் வரும். கண்ணை மூட வேண்டாம். விளக்கையோ முற்றத்து மரத்தையோ பார்த்தபடி, நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கணக்கு பக்கத்தில் ஓடட்டும், நீங்கள் எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுங்கள். தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ மூச்சை ரொம்ப ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகிவிடும். கோயிலிலிருந்து திரும்பியதும், போனையும் அடுக்களையையும் தொடுவதற்கு முன் இதைச் செய்தால் வாசலில் நடக்கும் அந்தத் தடுமாற்றம் குறையும்.

கடைசியாக மாத்திரை. மெடிக்கலில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். பொதுவாகக் கிடைக்கும் தூக்க மாத்திரைகளில் பல, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும், பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது, திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் வரும். உங்கள் வயதில் மூன்று மணி முழிப்புக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றம் காரணமாக இருக்கலாம், தைராய்டும் காரணமாக இருக்கலாம். டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். இரவில் உடம்பு திடீரென்று சூடேறி வியர்த்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாயங்கால கட்டன் சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) மதியம் இரண்டு மணிக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். குடித்த கஃபைனில் பாதி நான்கைந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் செருகும்போது திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

நாள் முழுக்கச் சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, பசி மாறுவது, அழுகை என்று இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே போங்கள். உடனே பேச வேண்டுமானால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரம் எப்போது படுத்தீர்கள், எப்போது விழித்தீர்கள் என்று தோராயமாகக் காலையில் எழுதிய குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.